வேகப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் எடை குறைந்த ஷூ: ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஜனவரியில் நடைபெறும் சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. பிரிவை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க விரும்புகிறேன். இப்போது அணியும் ஷூ ஒவ்வொன்றும் ஏறத்தாழ 300 கிராம் இருக்கும். நிதான ஓட்டத்துக்கு அதில் எந்தக் குறையும் இல்லை என்றாலும், வேகத்தைக் கூட்டும்போதும், பெசன்ட் நகர் கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை வழிந்து அதன் தடித்த மேல்துணி ஊறிவிடும்போதும் கால் கனப்பதை நன்றாகவே உணர்கிறேன். ஆகவே 230 கிராமுக்கு மிகாத ஒன்றைத் தேடுகிறேன்.

நைக்கி வேப்பர்ஃப்ளை போன்ற, அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு வைத்த ஷூக்கள் மிக இலேசானவை, மிதித்த பாதத்தை நன்றாக உந்தித் தள்ளுபவை; ஆனால் விலை மிக அதிகம், அடிப்பாகத்தின் மென்மையான நுரையும் சீக்கிரம் தளர்ந்துவிடும். சாக்கனி எண்டார்ஃபின் ஸ்பீடில் உள்ள நைலான் தகடு சற்று வளைந்து கொடுப்பதால், வாராந்திர வேகப் பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் அந்த ஒரே ஜோடி போதும் என்பது என் எண்ணம்.

எனக்கு முன்பாதம் அகலம். குறுகலான ஷூவில் சுண்டுவிரல் ஓரம் கொப்புளித்துவிடும். இவ்விரண்டையும் அணிந்து ஓடியவர்கள், விரல்களுக்கு இடம் போதுமா, நனைந்த சாலையில் பிடிமானம் எப்படி, பந்தயத்துக்கு முன் எத்தனை கிலோமீட்டர் ஓடிப் பழக வேண்டும் என்பதைத் தெரிவித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.