ஆபீஸுக்கு காபி மெஷின்: 22 பேருக்கு எது சரிவரும்?

அம்பத்தூர் அக்கவுண்ட்ஸ்:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன இன்ஜினியரிங் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பேன்ட்ரி செலவும் என் பொறுப்புதான். ஆபீஸும் ஷாப் ஃப்ளோரும் சேர்த்து 22 பேர். இதுவரை தெருமுனைக் கடையிலிருந்து காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் ஃபிளாஸ்கில் காபி வந்துகொண்டிருந்தது. கடையை மூடிவிட்டு அவர் ஊருக்கே போய்விட்டார். "நல்ல மெஷினாப் பாத்து வாங்கிடும்மா" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ஒன்று ப்ரீமிக்ஸ் வென்டிங் மெஷின், அதாவது பால் பொடி முன்பே கலந்த பொடியில் சுடுதண்ணீர் விட்டுக் கொடுப்பது. மெஷினுக்குக் காசு இல்லை, ஆனால் மாதாமாதம் இவ்வளவு பொடி அவர்களிடமே வாங்க வேண்டும். டெமோவில் குடித்துப் பார்த்தோம். சர்க்கரை பொடியிலேயே கலந்திருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் அண்ணனுக்கு சுகர், இன்னும் மூன்று பேருக்கும் இருக்கிறது. சர்க்கரை இல்லாத ப்ரீமிக்ஸும் உண்டாம், ஆனால் மெஷினில் இரண்டே டப்பா. ஒன்று காபிக்கு, ஒன்று டீக்கு.

இன்னொன்று கண்ணாடி ஜக் வைத்த எலக்ட்ரிக் டிரிப் மேக்கர். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே எல்லோரும் கேட்பது கெட்டி டிகாஷன் போட்ட பால் காபி.

பேன்ட்ரியில் சிங்க், சின்ன ஃப்ரிட்ஜ், 15 ஆம்ப் பாயிண்ட் ஒன்று இருக்கிறது. குழாயில் போர் தண்ணீர், குடிக்க கேன். வேலைக்கு வரும் அக்கா மதியம் 1 மணி வரைதான் இருப்பார். மெஷின் வந்த பிறகு யாரும் வாய் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. அந்த நாலு பேரும் மற்றவர்களோடு சேர்ந்து குடிக்கிற காபியாக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓஎம்ஆர் வாசி:

வென்டிங் மெஷினே வாங்கிவிடுங்கள் மேடம். எங்கள் ஆபீஸில் நைட் ஷிஃப்ட் உண்டு, ராத்திரி 2 மணிக்கும் பட்டனை அமுக்கினால் காபி. பால் திரிந்தது என்ற பேச்சே இல்லை. மூன்று டப்பா மாடல் கேளுங்கள், ஒன்றில் சர்க்கரை இல்லாத பொடி போட்டுக்கொள்ளலாம்.

கேன்டீன் பழைய ஆள்:

நைட் ஷிஃப்ட் இருக்கிற இடத்துக்குத் தம்பி சொல்வது சரி. அந்த நேரத்தில் பாலைக் காய்ச்ச யார் வருவார்கள்? உங்களுக்கு அப்படி இல்லையேம்மா. இரண்டே வேளை, நேரமும் தெரியும், ஆட்களும் தெரியும். அதற்கு மெஷினே வேண்டாம் என்பேன். நான் ஃபேக்டரி கேன்டீன்களில் வேலை பார்த்தவன். காபி கெடுவது பெரும்பாலும் பாலிலும் கழுவாத பாத்திரத்திலும்தான். மெஷின் வாங்குகிறவர்கள் அதைத் தவிர எல்லாவற்றையும் விசாரிப்பார்கள்.

பாரிமுனைப் பக்கம் பாத்திரக் கடைகளில் ஹோட்டலுக்கு விற்கிற பெரிய எவர்சில்வர் ஃபில்டர் கிடைக்கும். கணக்குச் சொல்கிறேன், நீங்கள் கணக்கு பார்க்கிறவர், சரிபார்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எளிதாக இருக்க இருபது கப் என்று வைத்துக்கொள்வோம், கப்புக்கு 30 மில்லி டிகாஷன் என்றால் 600 மில்லி. பொடி தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். 200 கிராம் பொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டால் 600 மில்லி இறங்கும். பால் கப்புக்கு 100 மில்லி, ஆக 2 லிட்டர், ஆவின் அரை லிட்டர் பாக்கெட் நாலு. ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3. நீலத்தில் போட்டால் தண்ணீர் கலக்கவே கூடாது.

டிகாஷன் இறக்குகிற விதத்தை உங்களிடம் வேலைக்கு வரும் அந்த அம்மாவுக்கு ஒரு தடவை பக்கத்தில் நின்று காட்டுங்கள். பொடியைப் போட்டு, குடைத் தட்டால் லேசாகச் சமன் செய்தால் போதும். அழுத்தினால் சொட்டு நின்றுவிடும். கொதித்த தண்ணீரை முதலில் பொடி நனைகிற அளவுக்கு மட்டும் விட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, மீதியைச் சுற்றிலும் ஊற்றி மூடிவிட வேண்டும். சொட்டு நின்றுபோனால் ஃபில்டரின் பக்கவாட்டில் கரண்டியால் ரெண்டு தட்டு தட்டினால் மறுபடி இறங்கும். கண் அடைத்திருந்தால் கழுவிவிட்டு வீட்டு கேஸ் அடுப்புத் தணலில் காட்டுங்கள், உள்ளே ஒட்டிய பொடி கருகி உதிர்ந்துவிடும்.

பொடிக்கு 80:20 கேளுங்கள், அதாவது காபி 80, சிக்கரி 20. பாக்கெட்டில் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று போட்டிருக்க வேண்டும், காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். சில பாக்கெட்டுகள் அந்த எல்லையை ஒட்டியே நிற்கும். அதில் நிறம்தான் இருக்கும், மணம் இருக்காது.

சர்க்கரையைத் தனியாக டப்பாவில் வையுங்கள். உங்கள் ஃபோர்மேனுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே காபி.

மெஷின் சர்வீஸ்:

நான் காபி மெஷின் சர்வீஸ் செய்கிறவன், பெரியவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். வென்டிங் மெஷின் எடுத்தால் உள்ளே பொடியும் சுடுதண்ணீரும் கலக்கிற மிக்ஸிங் கப் என்று ஒன்று இருக்கும். ஆவி பட்டுப் பட்டு அதன் வாயில் பொடி களிமண் மாதிரி கட்டிக்கொள்ளும். தினமும் கழற்றிக் கழுவ வேண்டும். நான் போகிற இடங்களில் பாதிப் பேர் அதைக் கழற்றலாம் என்பதே தெரியாமல் இருக்கிறார்கள். இனிப்பும் ஈரமும் சேர்ந்தால் கரப்பான் பூச்சி வராமல் இருக்குமா?

டிரிப் மேக்கர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பேப்பர் ஃபில்டருக்கு ஏற்ற கொஞ்சம் கொரகொரப்பான பொடிக்குச் செய்தது. நம் ஊர் சிக்கரி கலந்த நைஸ் பொடியைப் போட்டால் அடைத்துக்கொண்டு மேலே வழியும். வழியாமல் இறங்கினாலும் பாலில் ஊற்றினால் தண்ணியாகத்தான் இருக்கும். கருப்புக் காபி குடிக்கிறவர்களுக்கு அது அருமையான சாமான். ஆனால் அதையும் கீழே இருக்கும் சூட்டுத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தால் கசந்துவிடும்.

எதை வாங்கினாலும் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். உங்கள் கெட்டிலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகச் செதில் படிந்திருக்கும். அதேதான் மெஷினின் உள்குழாயிலும் படியும், அங்கே உங்கள் கை போகாது. கேன் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறைவாகப் படியும். அப்படியும் மாதம் ஒருமுறை சிட்ரிக் ஆசிட் கரைத்து ஓடவிட வேண்டும்.

அம்பத்தூர் அக்கவுண்ட்ஸ்:

கெட்டிலைப் பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. ஃபில்டர் யோசனை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. 4 மணி காபிக்கு மட்டும் என்ன செய்வது? அக்கா இருக்க மாட்டாரே. காலையிலேயே பாலைக் காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி வைக்கலாமா?

கேன்டீன் பழைய ஆள்:

வேண்டவே வேண்டாம்மா. ஃபிளாஸ்கில் பால் மெல்ல மெல்ல ஆறி, வெதுவெதுப்பாக நிற்கும்போதுதான் கெடும். மாலைக்கு வேண்டிய பாக்கெட்டை உடைக்காமல் ஃப்ரிட்ஜிலேயே வையுங்கள். டிகாஷனை அந்த அம்மா 1 மணிக்குக் கிளம்புமுன் இரண்டாவது முறையாகப் புதிதாக இறக்கி மூடி வைத்துவிட்டுப் போகட்டும். பழைய பொடியிலேயே மறுபடி தண்ணீர் விட்டு இறக்க வேண்டாம். 4 மணிக்கு யாராவது ஒருவர் பாலை மட்டும் காய்ச்சினால் போதும், டிகாஷனைச் சூடு பண்ணவே கூடாது. கொதிக்கிற பாலில் ஊற்றினால் அந்தச் சூடே போதும்.

இருக்கிற 15 ஆம்ப் பாயிண்டில் ஒரு இண்டக்ஷன் அடுப்பு, அடிப்பாகம் இண்டக்ஷனுக்கு ஏற்ற 3 லிட்டர் பால் குக்கர் ஒன்று. இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர் ஊற்றுகிற வகையாக வாங்குங்கள், பொங்காது, அடிபிடிக்காது, விசில் அடிக்கும். கிளம்பும்போது வேலைக்குப் புதிதாக வந்த பையன்மேல் அதைக் கழுவுகிற வேலையைக் கட்டிவிடாதீர்கள். வாரம் ஒருவர் என்று முதலாளி பெயரையும் சேர்த்துப் பட்டியல் போட்டு ஒட்டுங்கள்.

அம்பத்தூர் அக்கவுண்ட்ஸ்:

சரிங்க ஐயா. முதலாளியிடம் பேசிவிட்டேன், முதல் வாரம் தன் பெயரைப் போடச் சொன்னார். சனிக்கிழமை பாரிமுனை போகிறேன். ஃபில்டரின் கண்ணை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்கினால் போதுமா?

கேன்டீன் பழைய ஆள்:

போதும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் ஆடாமல் உட்காருகிறதா என்றும் பாருங்கள். 200 கிராம் பொடி போட்ட பிறகும் தண்ணீருக்கு இடம் வேண்டும், அதனால் கடைக்காரர் காட்டுவதற்கு ஒரு சைஸ் பெரியதாகவே எடுங்கள்.