யாகுஷா-ஏ: ‘நடிகர் ஒற்றோவியம்’ சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

யாகுஷா-ஏ எனப்படும், கபுகி நாடக நடிகர்களின் பழைய ஜப்பானியப் படங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வந்த பரிந்துரைகள்: மரக்கட்டை அச்சு, மரச்செதுக்கு ஓவியம், கூத்தர் படம். சும்மா பார்த்து ரசிக்கிறவருக்கு இவற்றில் எதுவும் போதும். சேகரிக்கிறவருக்குப் போதாது. ஒரே படம் ஒரே ஏலத்தில் இரண்டு விலைக்குப் போகும்போது ஏன் என்று விளக்கத் தமிழில் சொல் வேண்டும். அதை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

> கூத்தர் படம் என்றால் நம் மரபோடு ஒட்டும்

தெருக்கூத்தோடும் ஒட்டிவிடும், அதுதான் சிக்கல். இன்றைய டோக்கியோவான எடோவில் கபுகி என்பது காசு கொடுத்துப் பார்க்கிற கொட்டகை நாடகம். இந்த மாதம் இன்ன கொட்டகையில், இன்ன வேடத்தில், இன்னார் என்று தெரிந்ததும் படம் கடைக்கு வந்துவிடும். வாங்கியவர்கள் ரசிகர்கள். ‘நடிகர்’ என்றால் சினிமா வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கட்டுமே, இந்தப் படங்களுக்கு அந்த வாடை பொருத்தம்தான். முன்பாதிக்கு ‘நடிகர்’ இருக்கட்டும்.

பின்பாதிதான் விவகாரம். இந்தப் படம் உருவாகும் விதத்தைப் பாருங்கள். ஓவியர் மெல்லிய தாளில் மையால் கோட்டுப்படம் வரைவார். அந்தத் தாளை மலைச்செர்ரிப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைச் செதுக்குபவர் வெட்டியெடுப்பார். வேலை முடியும்போது ஓவியர் வரைந்த தாள் அழிந்துபோயிருக்கும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. பலகையில் நிறம் தடவி, ஈரப்பதமான தாளை அதன்மேல் வைத்து, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகுப்பக்கம் கையாலேயே அழுத்தித் தேய்ப்பார்கள். இயந்திரம் கிடையாது. இத்தனைக்கும் முதல் போட்டு ஆட்களை ஏவுகிறவர் பதிப்பாளர். ஷராக்கு என்ற ஓவியரை இன்று உலகம் கொண்டாடுகிறது என்றால் அதில் பாதி சுதாயா ஜூசாபுரோ என்ற பதிப்பாளரின் துணிச்சல்.

ஆக, ‘அசல் ஓவியம்’ என்று எங்கும் ஒன்று இல்லை. தேய்த்தெடுத்த ஒவ்வொரு தாளும் அசலே. அதனால் நகல், பிரதி இரண்டையும் தள்ளிவிடலாம். எதன் நகல் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. ‘அச்சு’ தப்பில்லை, ஆனால் நாளிதழும் அச்சு, கல்யாணப் பத்திரிகையும் அச்சு. ‘ஒற்று’ என்பது என் பரிந்துரை. வியர்வையை ஒற்றியெடுக்கிறோம், பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஒரு பரப்பைக் கையால் அழுத்தி அதிலிருப்பதை இன்னொன்றில் வாங்கிக்கொள்ளும் செயல் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஒற்று என்றால் மெய்யெழுத்து, உளவு என்றெல்லாம் பொருள் வருமே என்பவர்களுக்கு: ‘ஒற்றோவியம்’ என்று சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் வராது.

இனி முக்கியமான இடம். பலகை தயாரானதும் முதல் தொகுதியை ஒற்றியெடுப்பார்கள். விற்றால் அதே பலகைகளில் அடுத்த தொகுதி. ஜப்பானியத்தில் முதலாவது ஷோசுரி, பிந்தியது அதோசுரி. இதற்கு ‘முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு’ என்று ஒருவர் சொன்னார். புத்தகத்துக்குச் சரி. இங்கே பலகை மாறவில்லை, வெளியீடு என்று தனி அறிவிப்பும் இல்லை. நம் அடுப்படியில் இதற்குச் சொல் இருக்கிறது: ஈடு. ஒரே தட்டில் முதல் ஈடு இட்லி, அடுத்த ஈடு இட்லி என்கிறோமே, அதேதான். முதல் ஈடு, பின் ஈடு. வைணவர்கள் திருவாய்மொழி உரையை நினைத்துக்கொள்வார்கள் என்றால், இரண்டும் ஒரே பக்கத்தில் வர வாய்ப்பு குறைவு.

முதல் ஈட்டில் மயிரிழைக் கோடுகள் கூர்மையாக இருக்கும். நிறம் மெல்லக் கரைந்து போகும் இடங்களில் கைவேலை தெரியும். பின் ஈட்டில் பலகை தேய்ந்து கோடு அங்கங்கே அறுந்திருக்கும். செலவைக் குறைக்க நிறத்தையும் மினுக்கையும் கூடக் கைவிட்டிருப்பார்கள். ஷராக்கு 1794இன் ஐந்தாம் மாத (பழைய ஜப்பானிய நாட்காட்டிப்படி) நாடகங்களுக்கு வரைந்த 28 படங்களுக்கும் கருமையான அப்பிரகப் பின்னணி. அப்பிரகம் என்றால் காக்காப்பொன்தான். கட்டுரையில் ‘காக்காப்பொன் பின்னணி’ என்று எழுத எனக்குக் கூச்சமில்லை. அது உதிர்ந்திருக்கிறதா, பின்னாளில் யாராவது பூசினார்களா என்று பார்ப்பதிலேயே ஏலக்காரர்களுக்குப் பாதி வேலை.

மூன்றாவது வகை, பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகப் பலகை வெட்டி எடுப்பது. மெய்ஜி காலத்திலிருந்து (1868–1912) இது நடக்கிறது. டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் இன்றும் செய்கிறது. சொல்லி விற்றால் இது போலியில்லை, நல்ல கைவினை. சொல்லாமல் விற்றால்தான் போலி. இதற்கு ‘மறுபதிப்பு’ என்று எழுதினால் பின் ஈடும் இதுவும் ஒன்றாகிவிடும். வாங்குகிறவர் ஏமாறுவதே அந்த இடத்தில்தான். ‘மறுவெட்டு’ என்று தனியாக வைப்போம். முதல் ஈடு, பின் ஈடு, மறுவெட்டு: இந்த மூன்றும் பிரிந்து நின்றால் மற்றதில் நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

> ஓகுபி-ஏ = பெருந்தலைப் படம்

நேர்ப்பொருள் அதுதான். ஆனால் தமிழில் பெருந்தலை என்றால் ஊர்ப் பெரியவர், கட்சிப் பெரியவர். ஸ்டுடியோக்காரர்கள் சொல்லும் ‘மார்பளவுப் படம்’ போதும். நடிகர் மூன்றாம் ஓதானி ஓனிஜி எதோபே என்ற வேடத்தில் இரண்டு கைகளையும் விரித்து முறைக்கிறாரே, ஷராக்குவின் அந்தப் புகழ்பெற்ற படத்தில் தலையைவிடக் கைகள்தான் பேசுகின்றன.

வெளியிடும் முன் அனுமதி கிடைத்ததைக் காட்டும் கிவாமே முதலிய முத்திரைகளுக்குத் ‘தணிக்கை முத்திரை’. இதில் விவாதமே வேண்டாம். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் எழுதுகிற விவரப் பதிவில் அதற்கு ஓர் இடம் கட்டாயம். கிவாமே 1842 வரை. 1852 முதல், பன்னிரண்டு விலங்குகளின் சுழற்சியில் அந்த ஆண்டுக்குரிய விலங்கையும் மாதத்தையும் காட்டும் முத்திரை வருகிறது. நடுவே, 1842இல், ஆடம்பரத்தை ஒடுக்க அரசு கொண்டுவந்த தென்போ சீர்திருத்தத்தில் நடிகர் படங்களுக்கே தடை. தடை தளர்ந்தபோதும் சிறிது காலம் பெயர் போடாமல் வெளியிட்டார்கள். முகச்சாயலையும் குடிச்சின்னத்தையும் வைத்து ரசிகர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இச்சிகாவா தஞ்சூரோ என்ற நடிகர் குடும்பத்தின் சின்னம் மிமாசு: ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சதுரப் படிகள், அரிசி அளக்கிற படிதான். அது உடையில் தெரிந்தால் பெயர் எதற்கு?

அளவுப் பெயர்களை மொழிபெயர்க்க வேண்டாம். ஓபான் (ஏறத்தாழ 39 × 26 செ.மீ.), ஹோசோபான் (33 × 15 செ.மீ.) என்றே இருக்கட்டும், ஏ4-ஐ யாரும் தமிழாக்கவில்லை. ஆனால் மூன்று ஓபான் தாள்களைச் சேர்த்து வரும் காட்சிக்கு ‘முத்தாள் படம்’ வேண்டும், அதிலிருந்து பிரிந்து வந்ததற்குப் ‘பிரிதாள்’ வேண்டும். குனிசடா, குனிச்சிக்கா என்ற ஓவியர்களின் படங்களில் பெரும்பாலும் தாளுக்கு ஒரு நடிகர் தனியாக நிற்பார். அதனால் ஒற்றைத் தாளே முழுப்படம் போலத் தெரியும், விற்கிறவரும் வாயைத் திறக்கமாட்டார். வாளோ திரையோ ஓரத்தில் சட்டென்று அறுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சேதத்துக்குச் சுவடிக்காரர்களின் சொற்களே கைகொடுக்கும்: செல்லரிப்பு, ஓரம் வெட்டு, பின்தாள் ஒட்டு. நிற மங்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டுப் படங்களில் பூச்சாற்று நீலம் வெளிச்சம் பட்டுப் பழுப்பாகிவிடும். நாம் பழுப்பு என்று ரசிக்கிற பின்னணி ஒருகாலத்தில் நீலமாக இருந்திருக்கலாம்.

கடைசியாக ஷினி-ஏ. நடிகர் இறந்ததும் அவசரமாக வெளியிட்ட படங்கள், பலவற்றில் ஓவியர் பெயர்கூட இருக்காது. எட்டாம் தஞ்சூரோ 1854இல் ஒசாகாவில் தற்கொலை செய்துகொண்டபோது நூற்றுக்கணக்கில் வந்தன. ‘இரங்கல் படம்’ என்று வைக்கலாம். ஆனால் நடிகர் ஒற்றோவியத்தின் உட்பிரிவாகவே வைத்தாலும் பதிவுப் படிவம் வேறாக வேண்டும். மற்றவற்றுக்கு நாடகம், வேடம், கொட்டகை ஆகியவற்றை வைத்துத்தான் காலம் குறிக்கிறோம். இதில் பெரும்பாலும் அவை இருக்காது. அதற்குப் பதில் இறந்த நாள், வயது, இறந்தபின் சூட்டிய புத்த சமயப் பெயர், அடக்கம் செய்த கோவில் என்று படத்திலேயே எழுதியிருக்கும். அந்த நான்குக்கும் படிவத்தில் இடம் விடுங்கள்.