டிஎஸ்ஆர் மரபணு இருக்கிறது, ஆனால் இது சல்பேட் ஒடுக்கிதானா? உதவி தேவை

நாகமலைப் பையன்:
மதுரையில் முதுகலை ப்ராஜெக்ட். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள மாமத் வெந்நீர் ஊற்றில், சுமார் 50 டிகிரியில் எடுத்த பாசிப்படலத்தின் மெட்டாஜீனோம் தரவை (எல்லா நுண்ணுயிர்களின் டிஎன்ஏவும் கலந்தது) இறக்கி, அதிலிருந்து ஒரு பாக்டீரியாவின் ஜீனோமைப் பிரித்தேன். கந்தகச் சேர்மங்களை மாற்றும் நொதிகளுக்கான மரபணுக்களான டிஎஸ்ஆர்-ஏ, டிஎஸ்ஆர்-பி, சாட், ஏபிஆர் நான்கும் இருந்தன. சல்பேட்டைச் சல்பைடாக்கும் பாக்டீரியா என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சார் பென்சிலால் "எந்தத் திசை?" என்று மட்டும் கிறுக்கித் திருப்பித் தந்தார். திங்கட்கிழமை மறுபடி காட்ட வேண்டும்.

மேலூர் அக்கா:
தம்பி, சல்பைடை ஆக்சிஜனேற்றம் செய்கிறவையும் இதே நொதிகளைத்தான் திருப்பி ஓட்டுகின்றன. பெரியாரிலிருந்து மாட்டுத்தாவணி போகிற பஸ்ஸும் அங்கிருந்து வருகிற பஸ்ஸும் ஒரே மாதிரிதான், போர்டைப் பார்க்கணும். டிஎஸ்ஆர்-டி இருந்தால் பெரும்பாலும் ஒடுக்கி. டிஎஸ்ஆர்-இ, எஃப், ஹெச் மூன்றும் வரிசையாக இருந்தால் எதிர்த்திசை.

நாகமலைப் பையன்:
டி இல்லை. பி-க்கு அடுத்தே இ, எஃப், ஹெச் இருக்கின்றன. ஆனால் ஜீனோம் 70 சதவீதம்தான் முழுமை. டி விடுபட்டிருக்கலாமே அக்கா?

கருப்புச்சேறு:
இல்லாததை வைத்து முடிவு கட்டக்கூடாது, சரி. ஆனால் இ, எஃப், ஹெச் கண்முன்னே இருக்கிறதே! தெர்மோடீசல்ஃபோவிப்ரியோ யெல்லோஸ்டோனியை என்ற சல்பேட் ஒடுக்கி 65 டிகிரியில்தான் நன்றாக வளரும். அதன் ஜீனோம் சுமார் 20 லட்சம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து). உங்களுடையது எவ்வளவு? அப்படியே ஒளிச்சேர்க்கை மரபணுக்களான பஃப்-எல், பஃப்-எம் தேடிப் பாருங்கள்.

நாகமலைப் பையன்:
கிடைத்தது 21 லட்சம். முழுசாக இருந்தால் 30 லட்சம் வரும். பஃப் இரண்டும் இருக்கின்றன!

கருப்புச்சேறு:
அப்படியென்றால் ஒளியில் வாழும் ஊதா சல்பர் பாக்டீரியா. தெர்மோகுரோமேஷியம் டெபிடம் என்று ஒன்று உண்டு. 48–50 டிகிரி அதற்குப் பிடித்த சூடு. முதலில் பிரித்ததே மாமத் ஊற்றிலிருந்துதான். டிஎஸ்ஆர்-ஏ-வை வைத்துப் பரிணாம மரம் (யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று காட்டும் படம்) வரையுங்கள். சல்பேட்டை ஒடுக்கும் ஆர்க்கியோகுளோபஸ் ஃபுல்ஜிடஸையும் ஒப்பிடச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒடுக்கிகள் பக்கம் அது நிற்கும்.

மேலூர் அக்கா:
மென்பொருள் தானாக ஒட்டுகிற "சல்பைட் ரிடக்டேஸ்" என்ற பெயரை நம்பித்தானே எழுதினாய்? இரண்டு திசைக்கும் அதே பெயரைத்தான் ஒட்டும். நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன்.

நாகமலைப் பையன்:
அதேதான் அக்கா. மரம் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், லேப்டாப்பும் அணைந்து, முதலிலிருந்து ஓட்டினேன். தெர்மோகுரோமேஷியத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. ப்ராஜெக்ட் தலைப்பையே மாற்ற வேண்டும். சாரிடம் இன்னும் சொல்லவில்லை.