பின்சக்கரத்தில் கார் டயர்: ஆறு மாதங்களுக்குப் பிறகு (புதுப்பிப்பு)

என் ஹோண்டா கோல்டு விங் ஜிஎல்1800 மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில், 180/60 ஆர்16 மோட்டார் சைக்கிள் டயரைக் கழற்றிவிட்டு 195/55 ஆர்16 ரன்ஃபிளாட் (காற்று இறங்கினாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய) கார் டயரைப் பொருத்தியதைப் பற்றி ஆறு மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அது எப்படி ஓடுகிறது என்று பலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியும் தேய்மானம் மிகக் குறைவு. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு வரை, மனைவியுடனும் பெட்டிகளுடனும், நெடுஞ்சாலையில் வண்டி உறுதியாகவே சென்றது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வளைவுகளில்தான் சிரமம் தெரிந்தது. மோட்டார் சைக்கிள் டயரின் முகப்பு, அதாவது சாலையில் படும் பகுதி, வட்டமாக இருப்பதால் வண்டி இயல்பாகச் சாய்கிறது. கார் டயரின் முகப்போ தட்டையானது என்பதால், சாயும்போது அதன் ஓரத்தின்மேல் ஏறி நிற்கிறது, வளைவு முடியும்வரை உட்புறக் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வீடு திரும்பிப் பார்த்தபோது நடுவில் புதிதுபோல் இருந்த டயரின் இரு ஓரங்களும் சொரசொரவென்று உரிந்திருந்தன.

எனக்கு அதைவிடக் கவலை தருவது ரிம். கார் ரிம்மிலும் மோட்டார் சைக்கிள் ரிம்மிலும் டயரின் விளிம்பு அமரும் இடத்தின் வடிவம் ஒன்றல்ல, அதனால் கார் டயர் இதில் சரியாகப் பொருந்துவதில்லை. செராஸில் டயர் மாற்றித் தரும் தம்பி, "அண்ணே, காற்று நிறைய அடித்த பிறகுதான் இது உட்கார்ந்தது, அக்காவை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகாதீங்க" என்று அன்றே சொன்னார். அவர் சொன்னது சரி. மோட்டார் சைக்கிள் டயருக்கே சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் மாற்றுகிறேன்.