போட்டிக்கான யோசனை: "இதில் அமைதி எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள்

கேட்டவர்: மூன்றாமாண்டு

நாங்கள் நாலு பேர். அமைதியையும் சமூகத் தொழில்முனைவையும் சேர்த்து யோசனை கேட்கும் ஒரு மாணவர் போட்டிக்குத் தயாராகிறோம். எங்களுடையது சைக்கிள் பட்டறை. பேச்சுவார்த்தையே அற்றுப்போன இரண்டு சமூகங்களின் இளைஞர்கள் சேர்ந்து நடத்துவார்கள். பழைய சைக்கிளை வாங்கிச் சரிசெய்து விற்பது, சர்வீஸ், வாடகை. ஒரு தரப்புக்குப் படிப்பு அதிகம் என்பதால் கவுன்ட்டரும் கணக்கும் அவர்களிடம். மறு தரப்பு கைவேலையில் கெட்டி, அதனால் ரிப்பேர் அவர்களிடம். வரவு செலவு ஓரளவு தேறுகிறது.

ஒத்திகையில் எங்கள் ஆசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எல்லாம் சரி, இதில் அமைதி எங்கே?" ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்களே என்றோம். சிரித்துவிட்டுப் போய்விட்டார். இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

அவசரக்குடுக்கை

ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 16-வது அமைதி, நீதி பற்றியது. அந்த லோகோவை முதல் ஸ்லைடில் போடுங்கள். அப்புறம் முகமது யூனுஸ், ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் கிராமீன் வங்கியைத் தொடங்கியவர். 2006-இல் அவருக்கும் அந்த வங்கிக்கும் கொடுத்தது அமைதிக்கான நோபல்தான், பொருளாதாரத்துக்கானது இல்லை. ஆசிரியர் வாயடைத்துப் போவார்.

கடைசி வரிசை

போக மாட்டார். இப்படி ஒரு போட்டியில் மூன்று வருடம் முதல் சுற்று விண்ணப்பங்களைப் படித்துத் தள்ளியவன் நான். அந்த லோகோ இல்லாத விண்ணப்பம் வந்தால்தான் நிமிர்ந்து உட்காருவேன்.

யூனுஸ் விஷயம் உண்மைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. பெருந்திரள் மக்கள் வறுமையிலிருந்து வெளியேற வழி கிடைக்காமல் நிலையான அமைதி வராது என்பது நோபல் குழு சொன்ன காரணம். நீங்கள் சொல்வது வேறு: இரண்டு தரப்பு நெருங்கிப் பழகினால் பகை குறையும் என்கிறீர்கள். இரண்டையும் ஒரே உரையில் குழைத்தால் நடுவர் எதையும் நம்ப மாட்டார்.

பழகினால் பகை குறையுமா? கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே இதற்கு நிபந்தனைகள் போட்டுவிட்டார். இரு தரப்புக்கும் சம அந்தஸ்து வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், போட்டியாக இல்லாமல் கூட்டுவேலையாக இருக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவும் வேண்டும். இப்போது உங்கள் பட்டறையைப் பாருங்கள். ஒருவன் சட்டை கசங்காமல் காசு வாங்குகிறான், இன்னொருவன் கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறான். வெளியே என்ன ஏற்றத்தாழ்வோ அதைத்தான் உள்ளே கொண்டுவந்து பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்கள். உங்கள் ஆசிரியர் சிரித்தது இதற்காகத்தான் என்பது என் ஊகம்.

இன்னொன்று. ஸல்மா மூஸா என்ற ஆய்வாளர், ஐ.எஸ். தீவிரவாத அமைப்பின் வன்முறையால் இடம்பெயர்ந்த ஈராக்கியக் கிறிஸ்தவர்களை வைத்துக் கால்பந்துத் தொடர் நடத்திப் பார்த்தார். சில அணிகளில் மட்டும் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். முடிவு 2020-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. கலப்பு அணியில் ஆடியவர்கள் அடுத்த தொடருக்கும் கலப்பு அணியில் பெயர் கொடுத்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி எடுத்தார்கள். ஆனால் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருக்கும் மொசூலில் போய்ச் சாப்பிடுவார்களா என்று பார்த்தால், அதில் பெரிய மாற்றம் இல்லை. மைதானத்தில் வந்த நட்பு மைதானத்தோடு நின்றுவிட்டது.

அதனால் "எத்தனை சைக்கிள் விற்றோம், எத்தனை பேர் சேர்ந்தார்கள்" என்ற எண்ணிக்கை போதாது. பட்டறை மூடிய பிறகு யார் யாரோடு நடந்து போகிறார்கள்? ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போனாரா? தொடங்கும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை கேட்டு எழுதிவைப்போம் என்று சொல்லுங்கள். மாறாமலும் போகலாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், மதிப்பு கூடும்.

நட்டும் போல்ட்டும்

மேலே சொன்னதோடு ஒன்று. டேனியல் லுபெட்ஸ்கி 1994-இல் பீஸ்வொர்க்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இஸ்ரேலியர்களும் அரேபியர்களும் சேர்ந்து தயாரிக்கும் உணவுப் பொருட்களை விற்கும் நிறுவனம். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு வியாபாரம் ஓடாது என்ற ஏற்பாடுதான் அதன் உயிர். உங்கள் பட்டறையில் ஒரு தரப்பு நாளை விலகினால் மறு தரப்பு தனியாக நடத்த முடியுமா? முடியுமென்றால் பிணைப்பு பலமில்லை.

மூன்றாமாண்டு

கடைசி வரிசை அண்ணா, படித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வேலையைப் பிரித்தது நான்தான்.

மாற்றிவிட்டோம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவராக ஜோடி. வாங்குவது, பிரிப்பது, விலை வைப்பது, விற்பது எல்லாம் அந்த ஜோடி. ஆனால் எல்லோருக்கும் எல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டியிருப்பதால் முதல் ஆறு மாதம் கணக்கு நஷ்டத்தில் போகிறது. அதை எப்படி மறைப்பது?

கடைசி வரிசை

மறைக்காதீர்கள். பழைய திட்டத்தில் பரிசுப் பணம் எதற்கு என்று நீங்கள் சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? சைக்கிள் வியாபாரம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும், இரண்டு தரப்பும் சமமாக நிற்க ஆகும் கூடுதல் செலவு இவ்வளவு, அதற்குத்தான் பரிசுப் பணம் என்று ஒரே ஸ்லைடில் போடுங்கள். அமைதி எங்கே என்று கேட்டவருக்கு அந்தத் தொகையைக் காட்டுங்கள்.

மூன்றாமாண்டு

சரி அண்ணா. லோகோவை எடுத்துவிட்டோம்.