கடலூரில் போட்டோ குழு: வாட்ஸ்அப்பில் ‘சூப்பர்’ போடுவதோடு நின்றுபோகாமல் இருக்க என்ன வழி?

மஞ்சக்குப்பம்:
வணக்கம். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் எட்டு பேர் சேர்ந்திருக்கோம். கேமரா நாலு: கேனான் 1500டி ரெண்டு, பழைய கேனான் 6டி ஒண்ணு, நிகான் டி3500 ஒண்ணு. மத்த நாலு பேருக்கும் போன்தான். ஞாயித்துக்கிழமை வெளியே போகணும், ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்த்துப் பேசணும். ஆனா இப்போதைக்குக் குழுவில் வர்றது கட்டைவிரலும் ‘சூப்பர் சார்’ மட்டும்தான். எப்படி நடத்தினால் உருப்படும்? முதல்ல எங்கே போகலாம்?

முத்தியால்பேட்டை:
படம் எடுக்கத் தனியாவே போகலாம். எடுத்ததைப் பார்க்கத்தான் கூட ஆள் வேணும். அதனால வெளியே போறதைவிட மாசம் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கிறதை முதல்ல உறுதி பண்ணுங்க.

ஆளுக்கு மூணு பிரிண்ட், அதுக்கு மேல் வேண்டாம். முப்பது கொண்டுவந்தா, பொறுக்குற வேலையை மத்தவங்க தலையில கட்டுறதாப் போயிடும். படத்தை மேஜையில வச்சதும் எடுத்தவர் ரெண்டு நிமிஷம் பேசக்கூடாது. மத்தவங்க ரெண்டே விஷயம் சொல்லணும்: கண் முதல்ல எங்கே போச்சு, எங்கே போய் மாட்டிக்கிச்சு. மீன் கூடை தூக்குற அம்மா படம்னு வைங்க. எடுத்தவருக்கு அவங்க முகம் மட்டும்தான் தெரியும். மத்த ஏழு பேர் கண்ணும் அவங்க காதுக்குப் பின்னால இருக்கிற நீல டிரம்மில போய் நிக்கும். ரெண்டடி இடப்பக்கம் நகர்ந்திருந்தா டிரம் மறைஞ்சிருக்கும்னு அவரே சொல்வார் பாருங்க, அந்த ருசிக்குத்தான் குழு.

பிரிண்ட் 8க்கு 12, மேட் பேப்பர். 300 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்குக்கு 2400 x 3600 பிக்சல் போதும். 12 மெகாபிக்சல் போன் படமே தாங்கும். ஆனா போன் படம் 4:3, பேப்பர் 3:2. நீங்களே வெட்டிக் கொடுக்கலைன்னா கடைக்காரர் தலையை வெட்டிடுவார். எஸ்ஆர்ஜிபி-ங்கிற பொதுவான நிற அமைப்புல சேவ் பண்ணுங்க, கடைக்காரர்கிட்ட ‘ஆட்டோ கரெக்‌ஷன் போடாதீங்க’ன்னு சொல்லிடுங்க. பிரிண்ட் இருட்டா வருதுன்னா பெரும்பாலும் குத்தம் லேப்டாப் பிரைட்னஸ் மேல. முழுசா ஏத்தி வச்சு எடிட் பண்ணியிருப்பீங்க. வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லைன்னா வானமெல்லாம் பட்டை பட்டையா வரும்.

உப்புக்காற்று:
முதல் நாளுக்குத் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சே போதும். சூரிய உதயம் ஜனவரியில் 6.30 வாக்கில், ஜூனில் 5.45 வாக்கில். அதற்கு 40 நிமிடம் முன்னால் மணலில் நிற்க வேண்டும். நல்ல நிறமெல்லாம் உதிப்பதற்கு முன்புதான். கடலைப் பார்த்து நின்றால் தை மாதத்தில் சூரியன் வலப்பக்கம் தள்ளி வரும், ஆனியில் இடப்பக்கம். எங்கே நிற்பது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/11, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை விநாடி என்று தொடங்குங்கள். அலை ஏறும்போது அல்ல, திரும்பும்போது அழுத்தினால் நுரை கோடு கோடாக விழும். நாலு விநாடிக்கு மேல் போனால் வெறும் புகைதான். டிரைபாட் காலை ஈர மணலில் நன்றாக அழுத்திப் புதைத்த பிறகு ஃப்ரேம் பாருங்கள். இல்லையென்றால் அடுத்த அலையில் ஒரு கால் இறங்கி அடிவானம் சாயும். விரல் அழுத்தும் அதிர்வு படத்தில் விழாமலிருக்க இரண்டு விநாடி டைமர் கட்டாயம்.

ஏசி அறையிலிருந்து நேரே வந்தால் லென்ஸில் பனி பிடிக்கும். துடைத்தால் மறுபடி பிடிக்கும். பையை மூடியபடி அரைமணி நேரம் வெளியே வைத்தாலே சரியாகிவிடும். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா பாடியைத் துடைத்து, பிறகு காய்ந்த துணி. டிரைபாட் காலைக் கழற்றிக் கழுவாவிட்டால் உப்பு ஏறிப் பூட்டு இறுகிவிடும்.

அடைமழை மாதங்களில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் எமன். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், 40–50 சதவீதம் காட்டும் சின்ன ஈரப்பத மீட்டர். எட்டு பேரும் சேர்ந்து வாங்கினால் செலவு ஒன்றுமில்லை.

பழைய லென்ஸ்:
லென்ஸ் மாத்திக்கிறதுலதான் குழுவோட பாதி சுகம். ஆனா 6டி-யோட இஎஃப் லென்ஸ் 1500டி-ல ஏறும். 1500டி-யோட இஎஃப்-எஸ் 6டி-ல ஏறாது, அமுக்கிப் பார்க்காதீங்க. டி3500-க்கு உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது, தனக்குள்ள மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ் கிடைச்சா கையாலதான் ஃபோகஸ்.

அடுத்த ஞாயிறு பாண்டி போங்க. பீச் ரோட்ல காலை 7.30 வரை வண்டி வராது. காந்தி சிலையைச் சாலைப் பக்கமிருந்து எடுத்தா சூரியன் தூண்களுக்குப் பின்னால வரும், நிழலுருவம் கிடைக்கும். அப்புறம் ஒயிட் டவுன்ல கடலை நோக்கிப் போற குறுக்குத் தெருக்கள். வெள்ளைச் சுவருக்கு கேமராவோட ஒளி மீட்டர் ஏமாந்து சாம்பலாக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தம்) +0.7 ஏத்துங்க. எல்லாரும் ஒரே தெரு, அரைமணி நேரம், ஆளுக்குப் பன்னிரண்டு கிளிக். மாலையில் வச்சுப் பார்த்தா ஒரே தெரு எட்டு தெருவா இருக்கும்.

மஞ்சக்குப்பம்:
ரொம்ப நன்றிங்க. முதுநகர் துறைமுகத்துக்கு எட்டு பேரும் ஒண்ணா போனா யாராவது கோவிச்சுக்குவாங்களா?

முத்தியால்பேட்டை:
எட்டு கேமரா ஒரே ஆள் முகத்துல நீண்டா யாருக்கும் கோவம் வரும். ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு போங்க. ஏலம் நடக்கும்போது குறுக்கே நிக்காதீங்க, விரிச்ச வலை மேல கால் வைக்காதீங்க. கேட்டுட்டு எடுங்க, வேண்டாம்னா விட்டுடுங்க. 200 எம்எம் தூர லென்ஸ் வச்சு ஒளிஞ்சு எடுக்கிறதைவிட 35 எம்எம் லென்ஸ் வச்சு பக்கத்துல நின்னு பேசி எடுத்தா படமும் நல்லா வரும். அடுத்த தடவை போறப்போ அவங்க படத்தை 4க்கு 6 பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க. எட்டு பேர் படத்துக்கும் ஒரே கவர், பின்பக்கம் பென்சில்ல தேதி; பேனா மை அடுத்த படத்தோட முன்பக்கத்துல ஒட்டிக்கும்.