டோமஹாக் பயிற்சி விமானம்: குற்றம் இறக்கையிலா, கற்பித்தலிலா?

கருடன்:
பைப்பர் டோமஹாக் என்றாலே ஆளைக் கொல்லும் விமானம் என்று எழுதுகிறார்கள். இது அநியாயம். 1978 முதல் 1982 வரை ஏறத்தாழ 2,500 விமானங்கள் விற்பனையாயின. அமெரிக்க விமான உரிமையாளர்கள், விமானிகள் சங்கத்தின் பாதுகாப்புப் பிரிவு இதைச் செஸ்னா 150, 152 என்ற போட்டிப் பயிற்சி விமானங்களோடு ஒப்பிட்டது. பறந்த மணிநேரத்துக்கு விபத்து விகிதம் டோமஹாக்கில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதை ஏன் யாரும் பேசுவதில்லை?

நிலவன்:
ஏனென்றால் அது பாதிக் கணக்கு. தரையிறங்கும்போது முன்சக்கரம் மடங்கினாலும் ஒரு விபத்து. சுழன்று விழுந்து இருவர் இறந்தாலும் ஒரு விபத்து. நீங்கள் குறிப்பிடும் அதே ஆய்வு, உயிர்ப்பலி வாங்கிய ஸ்பின் (விமானம் சுழன்றபடி விழுவது) விபத்துகள் டோமஹாக்கில்தான் அதிகம் என்றும் சொல்கிறது. ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது), ஸ்பின் விபத்து விகிதம் செஸ்னாவைப்போல மூன்று முதல் ஐந்து மடங்கு என்பது அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் மதிப்பீடு.

கருடன்:
அதற்குக் காரணம் இருக்கிறது. வடிவமைப்பதற்கு முன் பைப்பர் நிறுவனம் பயிற்றுநர்களிடம் கருத்துக் கேட்டது. செஸ்னா 150 ஸ்பின்னில் சிக்கினால், கட்டுப்பாடுகளை விட்டுவிட்டாலே பெரும்பாலும் தானாக வெளியே வந்துவிடும். மாணவன் எதையும் கற்பதில்லை. உண்மையான ஸ்பின்னைக் காட்டும் விமானம் வேண்டும் என்று பயிற்றுநர்களே கேட்டார்கள். டோமஹாக்கில் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் ரடரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் பலகையின் மிதி) முழுவதும் மிதிக்க வேண்டும். பிறகு மூக்கை ஏற்றி இறக்கும் கண்ட்ரோல் வீலை முன்னால் முழுவதும் தள்ள வேண்டும். கண்ணாடி நிறையத் தரை சுழலும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளக் கை வராது. அந்தத் தயக்கத்தைப் பயிற்சியில்தானே போக்க முடியும்?

செந்தாமரை:
கருடன் ஐயா, அந்தப் பயிற்சி எந்த உயரத்தில் நடக்கிறது, விபத்து எந்த உயரத்தில் நடக்கிறது என்று பாருங்கள். ரன்வேயைச் சுற்றிப் பறக்கும் உயரம் தரையிலிருந்து சுமார் 1,000 அடி. இறங்குவதற்கான கடைசித் திருப்பத்தில் அதைவிடத் தாழ்வாக இருப்போம். மாணவர் ரன்வேயின் நேர்கோட்டைத் தாண்டிவிடுகிறார். மூக்கைத் திருப்ப ரடரை அழுத்துகிறார். கூடவே வீலையும் இழுக்கிறார். உள்பக்க இறக்கை முதலில் தூக்குவிசையை இழந்து சரிகிறது. அங்கே ஸ்பின்னிலிருந்து மீளத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே கதிதான், மீள்வதற்கு உயரமே இல்லை. 1949இல் அமெரிக்கா தனியார் விமானி உரிமத்துக்குக் கட்டாயமாக இருந்த ஸ்பின் பயிற்சியை நீக்கி, ஸ்டாலை முன்கூட்டியே உணர்வதற்கு முதலிடம் கொடுத்தது. அடுத்த பத்தாண்டுகளில் உயிர்ப்பலி விபத்துகளில் ஸ்டால், ஸ்பின்னின் பங்கு குறைந்தது.

கருடன்:
அப்படியானால் அது விமானியின் பிழை. வேகத்தைக் காக்காமல் 500 அடியில் வீலை இழுத்தால் எந்த விமானமும் கொல்லும். செஸ்னாவிலும் இதே திருப்பத்தில் எத்தனையோ பேர் இறந்திருக்கிறார்கள்.

நிலவன்:
இறந்திருக்கிறார்கள். ஆனால் பயிற்சி விமானம் என்பது பிழை செய்பவர்களுக்காகவே கட்டப்படுவது. எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது வெளிவந்தது இது: சான்றிதழுக்கான சோதனைப் பறப்புகள் முடிந்த பிறகு இறக்கையின் கட்டமைப்பை மாற்றினார்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான முழு விலா எலும்புகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். இறக்கையின் நீளவாக்கில் அதைத் தாங்கும் முதன்மைத் தண்டில் எடை குறைக்கத் துளைகள் போட்டார்கள். மாற்றிய இறக்கையை மறுபடி சோதிக்கவில்லை. அது நெகிழ்ந்து உருமாறக்கூடியது என்று வடிவமைத்த பொறியாளர்களே வாரியத்திடம் சொன்னார்கள். டோமஹாக்கில் பயன்படுத்திய நாசாவின் ஜிஏ(டபிள்யூ)-1 இறக்கை வடிவமோ சிறு உருமாற்றத்தையும் பொறுக்காதது. ஆகவே ஸ்டாலில் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத விமானமாகிவிட்டது. பயிற்றுநர்கள் கேட்டது சவாலான விமானத்தை. கணிக்க முடியாத விமானத்தை யாரும் கேட்கவில்லை.

கருடன்:
இறக்கை மாற்றத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லையே. 1983இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இறக்கையின் முன்விளிம்பில், உடலுக்கு அருகே, கூடுதலாக ஒரு ஜோடி ஸ்டால் பட்டைகளை (இறக்கையின் அந்தப் பகுதியை முதலில் ஸ்டால் ஆகச் செய்யும் சிறு பட்டைகள்)ப் பொருத்தக் கட்டாய உத்தரவிட்டது. ஸ்டால் நடத்தையைச் சீராக்குவதே அதன் நோக்கம்.

நிலவன்:
பட்டை ஒட்டியதோடு தீர்ந்திருந்தால், ஸ்டால் நடத்தையை மீண்டும் பறந்து சோதிக்கும்படி பாதுகாப்பு வாரியம் 1997இல் எதற்காகப் பரிந்துரைத்தது? இடையில் பதினான்கு ஆண்டுகள்! அத்தனை ஆண்டுகளும் அதில் மாணவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

செந்தாமரை:
பழைய டோமஹாக்கை வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். முன்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். உள்பக்கப் பட்டைகள் இரு இறக்கைகளிலும் உரிய இடத்தில், தூக்கிக்கொள்ளாமல் இருக்கின்றனவா? பராமரிப்புப் பதிவேட்டில் அந்த 1983 உத்தரவு நிறைவேற்றப்பட்டதாகக் குறிப்பு இருக்கிறதா? இல்லையென்றால், பேரம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதில் மாணவரை ஏற்றாதீர்கள்.